சீட்டு எழுதிய நாளுக்கும் அடுத்த சீட்டுக்கும் நடுவே

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய்க்கு மருந்தே இல்லை என்ற காலம் போய் எழுபது ஆண்டுகள் ஆகின்றன. குளோர்புரோமசின் 1952-இல் வந்தது. இன்று ரிஸ்பெரிடோன், ஓலான்சபின் போன்ற மாத்திரைகளை அரசு மருத்துவமனைகளில் காசில்லாமல் தருகிறார்கள். அப்படியிருந்தும் நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பக்கத்து எஸ்டேட் லைன்களில், அதாவது தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில், இந்த நோய் உள்ள வீட்டில் விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான்: "மூணு மாசம் மாத்திரை சாப்ட்டான், நல்லாயிட்டான், நிறுத்திட்டோம். மறுபடி வந்துருச்சு."

மருத்துவர் நோயாளியைப் பார்ப்பது மாதத்துக்குப் பத்து நிமிடம். மாத்திரை நிற்பது அந்தப் பத்து நிமிடத்தில் அல்ல, மீதி 29 நாட்களில். 2012-இல் லான்செட் இதழ் 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஓராண்டு வாக்கில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 27 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியிருந்தது. நிறுத்தி வெற்று மாத்திரைக்கு மாறியவர்களில் 64 விழுக்காட்டினருக்கு. இந்த இடைவெளி அவ்வளவையும் காப்பாற்ற வேண்டியது, சீட்டு எழுதிய நாளுக்கும் அடுத்த சீட்டுக்கும் நடுவே யாராவது அந்த வீட்டு வாசலில் போய் நிற்பதுதான். மலையில் அதற்கு ஆள் இல்லை. ஆள் போட்டால் பலன் உண்டா என்பதை முறையாகச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று நம் மாநிலத்தையும் சேர்த்து நடந்திருக்கிறது. அதை நீலகிரிக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

சென்னையில் 1984-இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய, மனச்சிதைவு நோய்க்கான ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃபில் பல பத்தாண்டுகள் உழைத்தவர் டாக்டர் ஆர். தாரா. மனச்சிதைவு நோய் முதல் முறையாக வந்த 90 பேரை 1980-களின் தொடக்கத்தில் சேர்த்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து பார்த்தது அவருடைய குழு. உலக மனநல மருத்துவத்தில் மெட்ராஸ் ஆய்வு என்றால் இதுதான். 'வளரும் நாடுகளில் இந்த நோய் தானாகவே நன்றாகத் தேறிவிடும். கூட்டுக் குடும்பம் இருக்கிறதல்லவா' என்ற நம்பிக்கை நெடுங்காலம் பாடநூல்களில் இருந்தது. அதற்குச் சான்று போதாது என்று 2008-இல் அலெக்ஸ் கோஹன், விக்ரம் பட்டேல், ஓயே குரேஜே ஆகியோருடன் சேர்ந்து எழுதியவரும் தாராதான். அந்தக் கட்டுரையை நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். "குடும்பம் பார்த்துக்கும்" என்று அரசும் ஊரும் ஒதுங்கிக்கொள்வதற்கு அந்தப் பழைய நம்பிக்கை வசதியாக இருந்தது.

வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சோதித்த, 2014-இல் வெளியான அந்த ஆய்வுக்கு வருவோம். சுதிப்தோ சாட்டர்ஜி முதல் ஆசிரியர். தாரா, பட்டேல் உட்படப் பலர் சேர்ந்து செய்தது. காஞ்சிபுரம் மாவட்டம், கோவா, மகாராஷ்டிராவின் சாத்தாரா என்று மூன்று இடங்கள். மொத்தம் 282 பேர். 95 பேருக்கு வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சை மட்டும். மீதி 187 பேருக்கு அதோடு கூட, வீட்டுக்கே வரும் ஒரு சமூகப் பணியாளர். இந்தப் பணியாளர்கள் மருத்துவமோ செவிலியமோ படித்தவர்கள் அல்ல. பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்க்காரர்கள். சில வாரப் பயிற்சி கொடுத்து, மனநல சமூகப் பணியாளர் ஒருவரின் மேற்பார்வையில் களத்தில் விட்டார்கள்.

ஓராண்டு முடிவில் என்ன கிடைத்தது என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். அறிகுறிகள் கொஞ்சம் குறைந்தன, ஆனால் மூன்று இடத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது அது உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. அன்றாட இயலாமை உறுதியாகவே குறைந்தது. ஆனால் அளவுகோலில் ஏறக்குறைய ஒரு புள்ளிதான். அறிகுறி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தவர்கள் இரண்டு பக்கமும் 51 விழுக்காடு. இதைப் பார்த்துவிட்டு 'பெரிய பலனில்லை' என்று சொல்பவர்கள் இடவாரியான கணக்கைத் தவறவிடுகிறார்கள். தமிழ்நாட்டுப் பகுதியில் மட்டும் தனியாகப் பார்த்தால் அறிகுறி, இயலாமை இரண்டுமே தெளிவாகக் குறைந்திருந்தன. மற்ற இரண்டு இடங்களில் அப்படி இல்லை. சேவை அரிதாக இருக்கும் கிராமப்புறங்களில் முதல் சேவையாக இதைத் தொடங்கலாம் என்பதே ஆய்வாளர்கள் எடுத்த முடிவு.

சேவை அரிது என்றால் பந்தலூரைவிட வேறு எந்த இடத்தைக் காட்டுவது? கூடலூரிலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர், நடுவட்டம் வழியாக மலையேற்றம். பந்தலூர், சேரம்பாடி, அய்யன்கொல்லிக்காரர்களுக்கு அதற்கும் மேல். நோயாளியோடு துணைக்கு ஒருவர் வர வேண்டும். அப்படியானால் இரண்டு பேருக்கு ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு தனி. சிலர் பக்கத்திலிருக்கும் கேரளத்தின் சுல்தான் பத்தேரிக்கும், முற்றிய நிலையில் கோழிக்கோட்டின் குதிரவட்டம் மனநல மருத்துவமனைக்கும் போகிறார்கள். அங்கே எழுதிய சீட்டைக் கொண்டுவந்தால் இங்கே அதே மாத்திரை அதே அளவில் இருக்கும் என்ற உறுதி இல்லை. மாநில எல்லையில் மாத்திரை மாறும், பெயர் மாறும், மில்லிகிராம் மாறும். வீட்டில் இருக்கும் அம்மா பழைய பட்டையையும் புதிய பட்டையையும் சேர்த்தே கொடுத்துவிடுவார். பணியாளர் முதல் வீட்டு வருகையில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: வீட்டிலுள்ள அத்தனை மாத்திரைப் பட்டைகளையும் ஒரு பாயில் பரப்பி, எது இப்போது ஓடுவது, எது பழையது என்று பிரித்து, பழையதை எடுத்துக்கொண்டு போவது. அறிவுரை எல்லாம் அடுத்த வருகைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆய்வில் வருகைகள் மூன்று கட்டமாகப் பிரிக்கப்பட்டன. முதல் மூன்று மாதம் நெருக்கமாக, ஆறு முதல் எட்டு வருகை. நான்காம் மாதத்திலிருந்து ஏழாம் மாதம் வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை. பிறகு ஆண்டு முடியும்வரை மாதம் ஒரு முறை. மலைக்கு இதை அப்படியே எடுக்கலாம், ஆனால் தொடங்கும் மாதத்தைப் பார்த்துத் தொடங்க வேண்டும். தேவாலா, பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டும் மழையில் நெருக்கமான கட்டத்தை வைத்தால் பாதி வருகை விட்டுப்போகும். ஜனவரி, பிப்ரவரியில் சேர்த்தால் மழை வருமுன் நெருக்கமான கட்டம் முடிந்துவிடும். வருகைகளைக் காலையில் வைக்கக் கூடாது. ஆட்கள் கொழுந்து பறிக்கப் போயிருப்பார்கள். மாலை ஐந்தரைக்கு மேலும் கூடாது. யானை இறங்கும் வழியில் இருட்டில் யாரும் நடக்க முடியாது. நான்கு மணிக்கு இலை எடை போட்டு முடிந்ததும் கிடைக்கும் ஒன்றரை மணி நேரம்தான் உண்மையான வேலை நேரம். ஒரு நாளைக்கு இரண்டு வீட்டுக்கு மேல் திட்டம் போடுபவர்கள் பதிவேட்டை மட்டும்தான் நிரப்புவார்கள்.

ஒரு வீட்டு வருகைக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பது பெரிய விஷயம். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "ஆமா" என்றுதான் பதில் வரும். "போன வாரம் எத்தனை நாள் மறந்து போச்சு?" என்று கேட்டால், மறப்பது இயல்பு என்று கேள்வியே ஒப்புக்கொள்கிறது, உண்மை வெளியே வரும். கூடவே பட்டையை வாங்கி எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரை, 60 வாங்கி 20 நாள் என்றால் 40 தீர்ந்திருக்க வேண்டும். 20 மீதி இருக்க வேண்டிய இடத்தில் 34 இருந்தால் திட்டக் கூடாது. எந்த வேளை விடுபடுகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் காலை வேளைதான். தூக்கக் கலக்கத்தோடு வேலைக்குப் போக முடியாது என்று அவர்களே விட்டிருப்பார்கள். மருத்துவரிடம் பேசி முழு அளவையும் இரவுக்கு மாற்றினால், பல வீடுகளில் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

மாத்திரை நிற்பதற்கு 'அறியாமை' காரணம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையான காரணம் பல நேரம் உடம்பில் இருக்கிறது. ஒன்றை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். மருந்து தொடங்கிய அல்லது கூட்டிய முதல் சில வாரங்களில் சிலருக்குக் காலில் ஒரு தாங்க முடியாத அமைதியின்மை வரும். உட்கார்ந்தால் எழுந்துவிடுவார், நின்றால் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நிற்பார், திண்ணையில் இங்கும் அங்கும் நடப்பார், இரவில் படுக்க முடியாது. கேட்டால் "உள்ளுக்குள்ள ஏதோ பண்ணுது" என்பார். வீட்டார் இதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டுவார்கள். அவசரத்தில் பார்க்கும் மருத்துவரும் அப்படியே எடுத்துக்கொண்டு அளவைக் கூட்டினால் அமைதியின்மை இன்னும் கூடும். நோயாளி அடுத்த வாரமே மாத்திரையைத் தூக்கி எறிவார். அவர் பக்கம் நியாயமும் உண்டு. பணியாளர் பார்க்க வேண்டியது இரண்டே அடையாளம்: அமைதியின்மை முதன்மையாகக் காலில் இருக்கிறதா, மருந்து தொடங்கியோ கூட்டியோ சில நாட்களில் ஆரம்பித்ததா. இரண்டும் ஆம் என்றால் அன்றைக்கே மருத்துவருக்கு போன் செய்ய வேண்டும். அளவைக் குறைப்பதோ, மருந்தை மாற்றுவதோ, புரோப்ரனலால் சேர்ப்பதோ அவர் முடிவு. இந்த ஒரு போனில் ஓர் ஆண்டு சிகிச்சை காப்பாற்றப்படும்.

பெண்களிடம் ரிஸ்பெரிடோன் இன்னொரு வகையில் நிற்கிறது. அது மாதவிலக்கைத் தள்ளிப்போடலாம், நிறுத்தவும் செய்யலாம். மணமாகாத பெண் என்றால் வீட்டில் வேறு சந்தேகமே கிளம்பிவிடும். மணமானவர் கர்ப்பம் என்று நினைத்து மாத்திரையை விட்டுவிடுவார். இதைப் பெண் பணியாளர் கேட்டால்தான் சொல்வார்கள். முதலிலேயே "இப்படி வரலாம், வந்தா சொல்லுங்கம்மா, மாத்திரை மாத்திக்கலாம்" என்று சொல்லி வைப்பது நல்லது. ஓலான்சபினில் பசியும் எடையும் கூடும். தொடங்கும்போதே எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை பார்த்து எழுதிவைத்து, மூன்று மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்வது, கண் மேலே செருகுவது முதல் சில நாட்களில் வரலாம், ஹாலோபெரிடாலில் அதிகம். பார்க்கப் பயமாக இருக்கும்; ஊசி போட்டால் சீக்கிரம் சரியாகும். பேயடித்துவிட்டது என்று மந்திரவாதியிடம் கூட்டிப்போகும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.

தினமும் மாத்திரை முடியவே முடியாது என்பவர்களுக்கு ஃப்ளூஃபெனசின் ஊசி இருக்கிறது. நல்லெண்ணெயில் கரைத்த மருந்து. முதலில் 12.5 மில்லிகிராம் போட்டுப் பார்த்து, ஒத்துக்கொண்டால் 25 மில்லிகிராம், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை, இடுப்புத் தசையில் ஆழமாக. எண்ணெய் என்பதால் ஊசியும் சிரிஞ்சும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். செவிலியர் உள்ள எந்த நிலையத்திலும் போடலாம். மலைக்கு இது மிகவும் பொருத்தமானது. ஆனால் சோற்றில் மாத்திரையை ஒளித்துக் கலப்பதைப் போல, நோயாளியின் சம்மதமில்லாமல் மருந்து கொடுக்கும் வழியாக ஊசியை நினைக்கக் கூடாது. ஒளித்துக் கொடுத்தது ஒரு நாள் தெரியவந்தால், அந்த வீட்டில் சமைத்த எதையும் அவர் நம்ப மாட்டார். 'விஷம் வைக்கிறார்கள்' என்ற சந்தேகமே நோயின் அறிகுறியாக இருக்கும் ஒருவருக்கு அந்தச் சந்தேகத்தை நாமே உண்மையாக்கிக் கொடுக்கக் கூடாது.

இரண்டு வெவ்வேறு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தும் நோய் மசியாதவர்களுக்கு உள்ளது குளோசபின். பலனில் அதற்கு நிகர் இல்லை. மலையில் அதைவிடக் கவனம் தேவைப்படும் மருந்தும் இல்லை. வெள்ளணுக்கள் குறையும் ஆபத்து உண்டு என்பதால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் சாதாரணச் சளி என்று விடாமல் அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். குளிர் மலையில் இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். மலச்சிக்கலையும் அலட்சியப்படுத்தக் கூடாது, உயிருக்கே ஆபத்தாகும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: இரண்டு நாளுக்கு மேல், அதாவது 48 மணி நேரத்துக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால், பழைய அளவை நேராகத் தொடங்கக் கூடாது. மறுபடி 12.5 மில்லிகிராமிலிருந்து ஏற்ற வேண்டும். இல்லையென்றால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். மண்சரிவில் பாதை மூன்று நாள் அடைபட்டு மாத்திரை தீர்ந்துபோவது நீலகிரியில் புதிதல்ல. குளோசபின் சாப்பிடுபவர் வீட்டில் எப்போதும் பத்து நாள் கூடுதல் இருப்பு வேண்டும். பீடி, சிகரெட் பழக்கமும் இந்த மருந்தின் அளவைப் பாதிக்கும். புகை இந்த மருந்தை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றுகிறது. ஒருவர் திடீரென்று பீடியை விட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும், மயக்கம் கூடும். சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு பீடியை நிறுத்தினால்கூட மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

கோயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவன மருத்துவர் ரகுராமும் அவர் குழுவும் தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 பேரைப் பார்த்து 2002-இல் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கலில், மாத்திரை இல்லாமலே, அறிகுறிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. கட்டிவைப்பதும் அடிப்பதும் இல்லாத, பரிவான இடமாக அது இருந்தது. திருச்சி அருகே குணசீலம் கோயிலுக்கு 48 நாள் போகிறோம் என்று குடும்பம் சொன்னால் சண்டை போடக் கூடாது. 48 நாளுக்கான மாத்திரையைக் கையில் கொடுத்து, "சாமி பிரசாதத்தோட இதையும் எடுத்துக்குங்க" என்று அனுப்ப வேண்டும். சங்கிலி மட்டும் எங்கும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றாகத் தடை செய்திருக்கிறது.

நோய் திரும்புவதை முன்கூட்டியே பிடிப்பதுதான் வீட்டு வருகையின் பெரிய லாபம். ஒவ்வொருவருக்கும் அது ஒவ்வொரு மாதிரி ஆரம்பிக்கும், ஆனால் அதே ஆளுக்கு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். ஒருவர் தூக்கம் குறைந்து விடிகாலை மூன்று மணிக்கே முற்றத்தில் நிற்பார். இன்னொருவர் குளிப்பதை விடுவார். வேறொருவர் கதவைத் திரும்பத் திரும்பத் தாழ்ப்பாள் போடுவார். கடந்த முறை நோய் வந்ததற்கு முந்தைய இரண்டு வாரத்தை வீட்டாரையும் நோயாளியையும் சேர்த்து உட்காரவைத்து நினைவுபடுத்தச் சொல்லி, அவருக்கே உரிய மூன்று அடையாளங்களை மாத்திரைச் சீட்டின் பின்புறம் எழுத வேண்டும். கீழே: 'இதில் இரண்டு, மூன்று நாள் தொடர்ந்தால் யாருக்கு போன்'. பணியாளர் எண்ணும், இரவு நேரத்துக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணும் போதும்.

பேச்சு இன்னொன்று. திட்டும் பகையும் நிறைந்த வீட்டில் நோய் சீக்கிரம் திரும்பும் என்பதை லண்டனில் கண்டதைப் போலவே 1980-களில் சண்டிகரிலும் கண்டார்கள். "சோம்பேறி, தின்னுட்டுத் தூங்குறான்" என்பது வீட்டார் வாயில் அடிக்கடி வரும். நாளெல்லாம் படுத்திருப்பது சோம்பல் அல்ல. நோயின் ஒரு பகுதி, சில நேரம் மருந்தின் விளைவு. இதை ஒருமுறை தெளிவாகச் சொன்னால் பல தாய்மார்கள் அழுதே விடுவார்கள், அத்தனை வருடம் பிள்ளையைத் திட்டியதை நினைத்து. அவர்கள்மேல் குற்றம் ஏற்றாமல் சொல்லத் தெரிய வேண்டும்.

வேலைக்குத் திரும்புவதில் அவசரம் கூடாது. கவாத்துக் கத்தியோ மருந்தடிக்கும் வேலையோ முதலில் கூடாது. தூக்கக் கலக்கமும் கத்தியும் சேராது. பெண்ணோ ஆணோ, பழகிய கொழுந்துப் பறிப்பில், அரை நாள், அக்காவோ அத்தையோ பக்கத்து வரிசையில் இருக்க. மேஸ்திரியிடம் நோயின் பெயரைச் சொல்வதா என்பதை நோயாளிதான் முடிவு செய்ய வேண்டும். "உடம்பு சரியில்லாம இருந்துச்சு, கொஞ்ச நாள் இலை எடை குறைவாத்தான் வரும்" என்பது போதும். அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் குடியிருப்புகளில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு வேலையும் வீடும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. வேலை போனால் வீடு போகும் என்ற பயத்தில் நோயை மறைப்பார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதைப் பணியாளர் ஏற்றுக்கொண்டுதான் பேசத் தொடங்க வேண்டும்.

தாரா குழுவின் இன்னொரு ஆய்வு, மணமுறிந்த பெண் நோயாளிகளைப் பற்றியது, 2003-இல் வந்தது. கணவர் கைவிட்ட பெண்ணைப் பார்த்துக்கொள்வது வயதான பெற்றோர். 'நமக்குப் பிறகு யார்' என்பதே அவர்களின் ஓயாத கவலை. அந்தக் கவலைக்குப் பணியாளரால் செய்யக்கூடிய உருப்படியான உதவி மாற்றுத்திறனாளி சான்றிதழ். இயலாமையை அளக்க நாட்டில் பயன்படும் அளவுகோல், தாரா தலைமையிலான குழு உருவாக்கியதுதான். தன்னைப் பராமரித்தல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு பிரிவு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. நோயின் கால அளவுக்கு 1 முதல் 4. மொத்தம் 20. ஏழும் அதற்கு மேலும் என்றால் 40 விழுக்காடு, அதாவது சலுகைகளுக்கான வரம்பு. இங்கே வழக்கமாக நடக்கும் தவறு: சான்றிதழ் நாளில் நோயாளிக்கு நல்ல சட்டை போட்டு, "டாக்டர் கேட்டா எல்லாம் செய்வேன்னு சொல்லு" என்று பழக்கிக் கூட்டிப்போவது. மதிப்பெண் குறைந்து விண்ணப்பம் தள்ளுபடியாகும். குளிக்க எத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கிறது, கடைக்குத் தனியாகப் போகிறாரா, கடைசியாக எப்போது வேலைக்குப் போனார் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப்போக வேண்டும். பழைய சீட்டுகள் அத்தனையும் வேண்டும், கால அளவுக்கு அதுதான் ஆதாரம்.

இந்த வேலையை யார் செய்வது? 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர்களின் தலையிலேயே இதையும் வைக்கலாம் என்ற யோசனை எளிதாக வரும். அது நல்ல யோசனையல்ல. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். இதற்கு அரை மணி. ஐந்து நிமிட வேலையோடு சேர்த்தால் அரை மணி வேலைதான் முதலில் விடுபடும். இதற்கென்றே தனி ஆள் வேண்டும், முடிந்தால் அதே லைனில், அதே பாடியில் (தொழிலாளர் குடியிருப்பில்) பிறந்தவர். உள்ளூர் மக்களையே பயிற்றி வேலைக்கு வைப்பது நடக்கும் காரியம் என்பதைக் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை 1990-லிருந்து காட்டிவருகிறது. அங்கே பணியர், காட்டுநாயக்கர் வீடுகளுக்குப் போகிறவர்கள் அந்த மக்களிலிருந்தே பயிற்சி பெற்று வந்தவர்கள்.

மேற்பார்வை இல்லாமல் இது மூன்று மாதம்கூடத் தாங்காது. வாரம் ஒரு முறை எல்லாப் பணியாளரும் ஒரு மணி நேரம் கூட வேண்டும். மருத்துவர் போனில் இருந்தாலும் போதும். அந்தக் கூட்டத்தில் நன்றாக இருப்பவர்களைப் பற்றிப் பேசி நேரத்தைத் தீர்க்கக் கூடாது. ஆறு வாரமாக யாரும் பார்க்காத பெயர்கள், மாத்திரை எண்ணிக்கை ஒத்துவராத பெயர்கள், ஊசித் தேதி தாண்டிய பெயர்கள், இந்த மூன்று பட்டியல்தான் முதலில். மே மாத இறுதிக் கூட்டத்தில் நான்காவதாக ஒன்று சேர வேண்டும்: மழைக்கு முன் இரண்டு மாத மாத்திரை இன்னும் போய்ச் சேராத வீடுகள்.